நேத்து மேய்ந்த கோழி இன்னைக்கு ஏன் சாகுது? தேனி நாட்டுக்கோழி வளர்ப்பில் பக்கத்து வீட்டு ஆலோசனை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

"மதினி, கோழி தூங்கி தூங்கி விழுது. எச்சம் வெள்ளையும் பச்சையுமா போகுது. என்ன குடுக்கலாம்?"

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வீட்டில் நாலு கோழி வளர்ப்பவர்களிடம் இந்தக் கேள்வி புதிதில்லை. கேள்வி முதலில் போய்ச் சேர்வது பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருந்து டீக்கடை, வாரச்சந்தை, செல்போன் வாய்ஸ் மெசேஜ் என்று சுற்றும். கால்நடை மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் பாதிக் கோழி செத்திருக்கும்.

அப்படியென்றால் அக்கம்பக்கத்து ஆலோசனை வீணா? இல்லை. அடை வைப்பதிலும் குஞ்சைக் காப்பாற்றுவதிலும் அனுபவசாலி சொல்வதற்கு மிஞ்சிய பாடம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த அனுபவம் தோற்றுப் போகிறது. அது எது, ஏன் தோற்கிறது, அதே அக்கம்பக்கத்தை வைத்தே எப்படிச் சரிசெய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டுக்கோழி ஏன் இவ்வளவு முக்கியம்?

2019இல் எடுக்கப்பட்ட 20வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மொத்தம் சுமார் 85 கோடி கோழியினப் பறவைகள் உள்ளன. இதில் புறக்கடையில், அதாவது வீட்டு வாசலிலும் கொல்லையிலும் வளர்பவை மட்டும் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் அதிகம். மொத்த எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: சுமார் 12 கோடி.

தமிழ்நாட்டின் எண்ணிக்கையில் பெரும்பங்கு நாமக்கல் போன்ற இடங்களின் பெரிய பண்ணைகளில் இருக்கிறது. தேனிப் பக்கக் கதை வேறு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் நெல், வாழை, திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு பக்கம் மானாவாரிக் காடும் ஆடும். இரண்டு இடத்திலும் வீட்டு வாசலில் ஒரு பஞ்சாரம் கவிழ்ந்திருக்கும்.

அந்தப் பஞ்சாரத்தில் இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சொந்தப் பணம். பள்ளிக்கூட நோட்டு வாங்க ஒரு சேவல், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரெண்டு வெடக்கோழி, சாமிக்கு நேர்ந்துவிட்டது ஒன்று என்று கணக்கு போகும். யாரிடமும் கேட்காமல் விற்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். வீட்டில் 10 கோழி, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. கிலோ 400 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் கையிருப்பு 6,000 ரூபாய். ஒரு வாரத்தில் எட்டு கோழி செத்தால் 4,800 ரூபாய் போச்சு. மழை பெய்யாமல் போனதற்கும் வெள்ளம் வந்ததற்கும் நிவாரணம் கேட்கலாம். இதை எங்கே போய்க் கேட்பது?

தேனி ஏற்கெனவே பார்த்த ஒரு முயற்சி

கால்நடை வளர்ப்பவர்கள் போன் வழியாக ஆலோசனை பெறுவது தேனிக்கு நேற்று வந்த பழக்கமில்லை. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே இங்கே ஒரு பரிசோதனை நடந்தது.

காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பான 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்', விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தை 2004 வாக்கில் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதில் தேனியின் 'விடியல்' தொண்டு நிறுவனமும் அதன் மகளிர் குழுக்களும் இணைந்தன. 2000களின் கடைசியில் சுமார் 300 பெண்கள் ஆடு வளர்க்க வங்கிக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனுக்குள்ளேயே ஆளுக்கொரு செல்போனும் அடக்கம்.

ஆடு சினைபிடிப்பது, குட்டி பராமரிப்பு, நோய், தீவனம் பற்றிய சின்னச் சின்னக் குரல் செய்திகள் தினமும் போனுக்கு வந்தன. ஆடு மேய்த்துக்கொண்டே கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதது தடையாக இல்லை. கேட்டதை மேய்ச்சல் காட்டிலும் குழுக் கூட்டத்திலும் பேசிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

இதில் கோழிக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. செய்தி நிபுணர்களிடம் இருந்து வந்தது. அதை நம்ப வைத்தது அக்கம்பக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது.

அனுபவம் ஜெயிக்கும் இடங்கள்

முதலில் நல்லதைப் பார்ப்போம். நாட்டுக்கோழி வளர்ப்பில் கைமாறி வரும் பல ஆலோசனைகள் அறிவியலோடும் ஒத்துப்போகின்றன.

அடை வைப்பது: சிறுவிடைக் கோழிதான் நல்ல அடைக்கோழி என்பார்கள். சரிதான். எடை குறைவு என்பதால் முட்டை உடையாது, குஞ்சை விட்டு நகராது. ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். 21வது நாள் குஞ்சு வரும்.

ஏழாம் நாள் பார்ப்பது: இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரியும். ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கூமுட்டை. எடுத்துவிடலாம்.

குஞ்சுக்குச் சூடு: தாய் இல்லாமல் வளர்க்கும் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் வேண்டாம், குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக ஓடித் திரிந்தால் சரியான சூடு. மலைக்காற்று இறங்கும் மார்கழி, தை ராத்திரிகளில் பள்ளத்தாக்கில் இதைக் கவனிக்காவிட்டால் காலையில் பாதிக் குஞ்சு விறைத்துக் கிடக்கும்.

கரையான் தீவனம்: பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுக்குப் புரதச் சாப்பாடு தயார். செலவு கிடையாது.

பகையும் பாதுகாப்பும்: கீரி, மரநாய், பூனைக்குப் பயந்து ராத்திரி கூட்டை அடைப்பது, பருந்துக்குப் பயந்து முதல் நாலு வாரம் குஞ்சைப் பஞ்சாரத்தில் வைத்திருப்பது. இதற்குப் புத்தகம் தேவையில்லை.

பாதி சரியான ஆலோசனைகளும் உண்டு. இடி இடித்தால் முட்டை கெடும், அதற்காக அடையில் இரும்புத் துண்டோ கரித்துண்டோ காய்ந்த மிளகாயோ போட வேண்டும் என்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் கூமுட்டைக்கு வழக்கமான காரணங்கள் வேறு: கூட்டத்தில் நல்ல சேவல் இல்லாதது, முட்டை நாள்பட்டது, வெயிலில் கிடந்தது, அடைக்கோழி அடிக்கடி எழுந்து போனது. இரும்பைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் இவற்றைக் கவனிக்காமல் விடுவதுதான் நஷ்டம்.

'சிந்தினது எல்லாம் கோழிக்கு' என்பதும் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தில் இருக்கும் நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். உப்பு அதிகமான மிச்சச் சாப்பாடும் ஆகாது. விதைக்காக மருந்து கலந்த தானியம், புதிதாகப் பூச்சிமருந்து அடித்த தோட்டம் இரண்டு பக்கமும் கோழியை விடவே கூடாது.

அனுபவம் தோற்கும் இடம்: வெள்ளைக் கழிச்சல்

ஊருக்கு ஊர் பெயர் மாறும். கழிச்சல், வெள்ளைக் கழிச்சல், கோழிச்சீக்கு. மருத்துவப் பெயர் ராணிகெட் நோய். உத்தராகண்டில் உள்ள ராணிகெட் ஊரில் 1927இல் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இதே நோய் பதிவானது. அதனால் உலக அளவில் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர்.

இது வைரஸ் நோய். தடுப்பூசி போடாத கோழிக் கூட்டத்தில் கடுமையான வகை வைரஸ் நுழைந்தால் மொத்தமும் சாகலாம். அறிகுறிகள் இவை:

• தீவனம் எடுக்காமல் இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழியும்
• வெள்ளையும் பச்சையுமாகக் கழியும்
• கொக்கைத் திறந்து மூச்சு வாங்கும், கரகர சத்தம் வரும்
• கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் அல்லது இறக்கை செயலிழக்கும்
• முட்டை திடீரென நின்றுபோகும், அல்லது தோல்முட்டை வரும்
• சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமலே செத்துக் கிடக்கும்

இந்த நோய் வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. பக்கத்து வீட்டு ஆலோசனை தோற்பது இங்கேதான். "என்ன குடுக்கலாம்?" என்ற கேள்விக்குப் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். லேசான தாக்குதலில் பிழைத்த ஒரு கோழியைக் காட்டி, "நான் இதைத்தான் குடுத்தேன்" என்பார்கள். அந்தக் கோழி தானாகப் பிழைத்ததா, மருந்தால் பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன கோழிகள் கதை சொல்வதில்லை.

நோய் எப்படித் தெரு முழுக்கப் பரவுகிறது?

இதைச் சொன்னால் கொஞ்சம் கசக்கும். நோயைக் கொண்டுபோவது பல நேரம் அக்கம்பக்கத்துப் பாசமேதான்.

• இனவிருத்திக்காகச் சேவலை இரவல் கொடுப்பது
• கோழியை வாரத்துக்கு விடுவது, குஞ்சில் பங்கு பிரிப்பது
• நோய் வந்ததும் "சாகறதுக்குள்ள வித்துடு" என்று குறைந்த விலைக்குத் தள்ளுவது
• சாகப்போகும் கோழியை அறுத்து, இறகையும் குடலையும் தெருவோரம் போடுவது
• சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூட்டத்தோடு சேர்ப்பது
• செத்த கோழியை வாய்க்காலிலும் ஆற்றிலும் வீசுவது

வைரஸ் உடம்பில் நுழைந்து நோய் வெளியே தெரிய 2 முதல் 15 நாள் ஆகலாம். பெரும்பாலும் 5, 6 நாளில் தெரிந்துவிடும். சந்தையில் பளபளவென்று நிற்கும் கோழி, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துச் சாவது இதனால்தான். 'கண்ணு பட்டுருச்சு', 'செய்வினை' என்று பழி போட ஆள் தேடுவதும் இந்த இடைவெளியால்தான்.

அதனால் புதுக்கோழி எதுவாக இருந்தாலும் இரண்டு, மூன்று வாரம் தனிப் பஞ்சாரம். தனித் தண்ணீர்க் கிண்ணம். பழைய கோழிக்குத் தீவனம் வைத்த பிறகுதான் புதுக்கோழிப் பக்கம் போக வேண்டும். தம்பி வீட்டில் இருந்து வந்த சேவலுக்கும் இதே சட்டம்தான்.

தடுப்பூசி: எப்போது, எப்படி?

பொதுவாகப் பின்பற்றப்படும் அட்டவணை இது:

• 7வது நாள்: ஆர்.டி.வி.எஃப். சொட்டு மருந்து. கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு
• 4வது வாரம்: லசோட்டா. கண் சொட்டாகவோ குடிநீரிலோ
• 8வது வாரத்துக்கு மேல்: ஆர்.டி.வி.கே. இறக்கையின் அடித்தோலில் ஊசி
• அதன்பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும்

ஆர்.டி.வி.கே. தடுப்பூசிக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. 1940களில் இன்றைய உத்தராகண்டின் முக்தேசுவர் ஆய்வகத்தில் உருவான தடுப்பூசி வகை அது. வீரியம் கொஞ்சம் அதிகம். அதனால் 8 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக் கூடாது. முன்னதாகச் சொட்டு மருந்து பெற்றிருப்பது நல்லது. முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையலாம். "ஊசி போட்டதும் முட்டை நின்னுபோச்சு" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். பிறகு சரியாகிவிடும்.

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது. 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி இலவசம். கோடை தொடங்கும்போது நோய் வெடிக்கும் என்பதால், அதற்கு முன்பே முகாம்.

'ஊசி போட்டும் செத்துப் போச்சே' என்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் வீரியம் போய்விடும். ஐஸ் போட்ட பிளாஸ்க் அவசியம்
• கலக்கிய மருந்தை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்கக் கூடாது
• குடிநீரில் கொடுத்தால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது
• ஏற்கெனவே நோய் தொற்றிய கோழிக்கு ஊசி போட்டால் பலன் இல்லை. அப்படிப் போட்டுச் செத்தால் பழி ஊசி மேல் விழும்
• ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஒன்று, இரண்டு வாரம் ஆகும்
• ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்தால் ஊசி நன்றாக வேலை செய்யும்

தெருவே சேர்ந்து போடுவது ஏன் முக்கியம்?

தடுப்பு மருந்துக் குப்பியில் பெரும்பாலும் 100 கோழிக்கோ அதற்கு மேலோ போடும் அளவு இருக்கும். வீட்டில் இருப்பது எட்டு கோழி. குப்பியை உடைத்தால் மீதி 92 டோஸ் இரண்டு மணி நேரத்தில் வீண். "எட்டு கோழிக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல்?" என்று விட்டுவிடுகிறார்கள். வளர்ப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று இதை முடித்துவிட முடியாது. மருந்து பண்ணைக்கு ஏற்ற அளவில் வருகிறது, கோழி வீட்டு அளவில் இருக்கிறது.

பத்து வீடு சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஒரு நாள் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் பஞ்சாரத்தைத் திறக்கும் முன்பே ஒரு தெரு முழுக்கப் போட்டுவிடலாம். கோழியைத் துரத்திப் பிடிக்கும் வேலையும் மிச்சம். நோய் நுழைய ஒரு கதவுகூடத் திறந்திருக்காது.

வெளிநாடுகளில் இது நிரூபிக்கப்பட்ட வழி. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா நாடுகளின் கிராமங்களில், வெப்பத்தை ஓரளவு தாங்கும் 'ஐ-2' என்ற சொட்டு மருந்தைக் கொடுக்க ஊர்க்காரர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. பலர் பெண்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான மருந்து அது. மொசாம்பிக்கில் நாலு மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்தில் மூன்று முறை, ஊரே சேர்ந்து மருந்து கொடுக்கும் முறை வகுக்கப்பட்டது. நாலு மாதத்தில் புதுக் குஞ்சுகள் வந்துவிடும், அவற்றுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதே காரணம். பிப்ரவரி முகாமோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சித்திரையில் பொரித்த குஞ்சுக்கு மாசியில் போட்ட ஊசி உதவாது.

நம் ஊரிலும் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'டி-58' என்ற வைரஸ் வகையைக் கொண்டு, கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. பிடிக்க முடியாமல் மரத்தில் அடையும் கோழிகளுக்காகவே யோசித்தது. உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

மூலிகை மருந்து உதவுமா?

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். தமிழ்நாட்டில் மரபுவழி கால்நடை மருத்துவத்தை முறைப்படுத்தியதில் பேராசிரியர் ந.புண்ணியமூர்த்தியின் பங்கு பெரியது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையங்களும் மூலிகை முறைகளைக் கற்றுத்தருகின்றன.

கோழி அம்மையில் கொண்டையிலும் கண்ணோரத்திலும் வரும் கொப்புளங்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது புண்ணை ஆற்ற உதவும். அம்மையைக் கொசுவும் பரப்பும் என்பதால் தேங்கிய தண்ணீரை அகற்றுவது அதைவிட முக்கியம்.

ஆனால் வெள்ளைக் கழிச்சலுக்கு மூலிகையைத் தடுப்பூசிக்கு மாற்றாக நினைப்பது ஆபத்து. இரண்டும் செய்யலாம். ஊசியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது.

மனுஷ மாத்திரை கொடுக்கலாமா?

மெடிக்கலில் வாங்கிய கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்குவது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. கூடாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸைத் தொடாது. மருந்தின் மிச்சம் முட்டையிலும் கறியிலும் தங்கி வீட்டுக் குழந்தைக்கே போகும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் 'கொலிஸ்டின்' மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான உயிரினங்களில் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது இந்தப் பயத்தால்தான்.

ரத்தக் கழிச்சல், சளி போன்ற நோய்களுக்கு மருந்து உண்டு. எது என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஒரே நேரத்தில் நிறையக் கோழி செத்தால்?

இங்கே தேனிக்குக் கூடுதல் கவனம் தேவை. காரணம், பக்கத்தில் கேரளா. அங்கே ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் 2021 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2024 ஏப்ரலிலும் ஆலப்புழை மாவட்டத்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியது. ஒவ்வொரு முறையும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பு தீவிரமாகும்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாபூரில். வெள்ளைக் கழிச்சலுக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் வெளியே தெரியும் அறிகுறிகள் பல ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இறுதியாக உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம்.

அதனால் ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால்:

• உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்
• செத்த கோழியை வெறும் கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள்
• குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்
• மருத்துவர் சொன்ன பிறகு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்
• மிச்சக் கோழியை விற்கவோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பவோ வேண்டாம்

'சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள்' என்ற பயம் பரவலாக உண்டு. பறவைக் காய்ச்சல் உறுதியானால் மட்டுமே குறிப்பிட்ட சுற்றளவில் அழிப்பு நடக்கும். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. மறைத்தால் இழப்பீடும் இல்லை, கோழியும் இல்லை.

ஆலோசனை கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கோழிக்கு முடியல, மருந்து சொல்லுங்க" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் வராது. இந்த ஆறையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

1. கோழியின் வயது, இனம் (சிறுவிடை, பெருவிடை, கலப்பினம்)
2. மொத்தம் எத்தனை, எத்தனைக்கு முடியவில்லை, எத்தனை செத்தது
3. எப்போது தொடங்கியது
4. எச்சத்தின் நிறம், மூச்சு, கழுத்து, கால் எப்படி இருக்கிறது
5. கடைசியாக எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதி
6. கடந்த மூன்று வாரத்தில் புதுக்கோழி, புதுத் தீவனம் ஏதாவது வந்ததா

ஆலோசனை சொல்பவர்களும் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். எத்தனை கோழிக்குக் கொடுத்தோம், எத்தனை பிழைத்தது என்று சேர்த்தே சொல்ல வேண்டும். பத்தில் ஒன்று பிழைத்ததும் பத்தில் ஒன்பது பிழைத்ததும் ஒன்றில்லை.

தேனியில் யாரிடம் கேட்கலாம்?

• அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகம்: தடுப்பூசிக்கும் நோய்ப் பரிசோதனைக்கும் முதல் இடம்
• 1962: கால்நடை மருத்துவ அவசர ஊர்திக்கான இலவச எண்
• கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்: 2020-21 கல்வியாண்டில் தேனி வீரபாண்டியில் தொடங்கப்பட்டது
• சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையம், காமாட்சிபுரம்: விவசாயிகளுக்கும் மகளிருக்கும் பயிற்சி
• 1800-180-1551: விவசாயிகளுக்கான கிசான் அழைப்பு மையம். தமிழிலேயே பேசலாம்

அரசுத் திட்டம் உண்டா?

உண்டு. ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் செயல்படுத்தியது. ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பேர் என்பது கணக்கு. தேனி மாவட்டத்தில் எட்டு ஒன்றியங்கள் என்பதால், அந்தக் கணக்கில் 800 பெண்கள். கணவரை இழந்தவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. கொஞ்சம் பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 250 கோழிகள் கொண்ட சிறு பண்ணை அமைக்கவும் 50 சதவீத மானியத் திட்டம் உண்டு. அறிவிப்பும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து விண்ணப்பிப்பது நல்லது.

மானியக் குஞ்சு வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதற்கு எந்தெந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, அடுத்தது எப்போது? 40 குஞ்சும் ஒரே நாளில் வீட்டுக்கு வருகின்றன. ஒரே வாரத்தில் போய்விடவும் முடியும்.

சுருக்கமாக

• அடை, குஞ்சுச் சூடு, தீவனம், பகை: பக்கத்து வீட்டு அனுபவத்தைத் தாராளமாகக் கேளுங்கள்
• வெள்ளைக் கழிச்சல்: வந்த பின் மருந்து இல்லை, வரும் முன் ஊசி மட்டுமே
• புதுக்கோழிக்கு இரண்டு, மூன்று வாரம் தனிமை
• முடியாத கோழியை விற்காதீர்கள், இரவல் கொடுக்காதீர்கள்
• பத்து வீடு சேர்ந்து ஒரு குப்பி, வருஷத்தில் ஒருமுறையோடு நிறுத்தாமல்

அடுத்த முறை தெருவில் யாராவது "கோழிக்கு என்ன குடுக்கலாம்?" என்று கேட்டால், மருந்து சொல்வதற்கு முன் இன்னொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: "நம்ம தெருவுல எல்லாரும் சேர்ந்து எப்போ ஊசி போடலாம்?"